அக்காவிடம் கேளுங்கள்: நாற்றம் இல்லாத கொட்டகையில் இருமல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: அக்கா, வணக்கம். என் வீட்டுக்காரர் ஜாவி பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் எட்டு வருடமாக வேலை செய்கிறார். போன வருடம் பழைய திறந்த கொட்டகைகளை உடைத்துவிட்டு மூடிய கொட்டகை கட்டினார்கள். ஒரு பக்கம் பெரிய பெரிய விசிறி, மறுபக்கம் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர். முன்பு போல் நாற்றமே இல்லை என்கிறார். ஆனால் இருமல் இப்போதுதான் பிடித்திருக்கிறது. கோழி பிடிக்கும் இரவுக்கு மறுநாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது, ஒரே நாளில் போய்விடுகிறது. டெங்கியோ என்று இரண்டு தடவை இரத்தம் எடுத்துப் பார்த்தோம், இல்லை என்றார்கள். "நாத்தமே இல்ல, அப்புறம் என்ன கிருமி?" என்று என்னை வாயடைத்துவிடுகிறார். நான் என்ன செய்ய? – ஒரு வாசகி, நிபோங் திபால்

பதில்: தங்கச்சி, கோழி பிடித்த மறுநாள் காய்ச்சல் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு 1993-ஆம் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. கால்நடை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு கொட்டகைக்குக் காற்று மாதிரி எடுக்கப் போனேன். மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் கோழிகளை லோரியில் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தும், வேடிக்கை பார்த்துக்கொண்டு இரவு பத்து மணி வரை உள்ளேயே நின்றேன். விடியற்காலையில் பல் கிட்டுகிற நடுக்கம், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. கிளினிக்கில் மாத்திரை கொடுத்து ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு எழுதினார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் இன்னொரு பண்ணைக்குப் போனேன், அதே கதை.

அது ஜுரக்கிருமி தொற்றியதால் வந்த காய்ச்சல் இல்லை. கோழித் தூசியை ஒரேயடியாக நிறைய சுவாசித்ததற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. தூசிக்குள் நின்ற நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும், ஓரிரு நாளில் போய்விடும். பூஞ்சை பிடித்த தானியம் அள்ளுகிறவர்களுக்கும் இது வருவதுண்டு. தானே போய்விடுவதால்தான் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு வருவது அதுதான் என்று கடிதத்தை மட்டும் பார்த்து நான் சொல்ல முடியாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம் அதோடு பொருந்துகிறது.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. முப்பது வருடம் கொட்டகைகளுக்குப் போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நாற்றம் வேறு, தூசி வேறு. மூக்கைக் குத்துவது அமோனியா. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை கொட்டகைத் தரையில் விரித்த உமி ஈரமானால், அதில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அந்த வாயு வரும். உமி காய்ந்து, விசிறி ஓடினால் அமோனியா குறையும். ஆனால் உமி காயக் காயத் தூசி கூடும். அந்தத் தூசியில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? தீவனப் பொடி, இறகுத் துணுக்கு, கோழியின் தோலிலிருந்து உதிரும் செதில், காய்ந்து பொடியான எச்சம். பாக்டீரியா தனியாகப் பறப்பது குறைவு, இந்தத் துகள்கள் மேல் சவாரி செய்துதான் வரும். மூக்கு அதைக் கண்டுபிடிக்காது. அமோனியாவைக்கூட, தினம் உள்ளே நிற்கிறவர் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டு, இல்லை என்று பொய் சொல்லும். வெளியிலிருந்து வரும் லோரிக்காரர் கண்ணைக் கசக்கும்போது உள்ளே இருப்பவர், "இன்னிக்கி ஒண்ணும் இல்லையே" என்பார். இதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அன்று நான் கொண்டுபோன கருவியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். ஆண்டர்சன் சாம்பிளர் என்று பெயர், 1958-இல் வந்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அடுக்கு டிஃபன் கேரியர் மாதிரி ஆறு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் பொடிப்பொடியாக ஓட்டைகள், மேலே பெரியது, கீழே போகப் போகச் சிறியது. ஒவ்வொன்றின் அடியிலும் பாக்டீரியா வளரும் அகர் ஊற்றிய கண்ணாடித் தட்டு. கீழே ஒரு பம்பு நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுக்கும். கனமான தூசி மேல் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், அது நம் மூக்கு, தொண்டை மாதிரி. நுண்ணிய தூசி கடைசித் தட்டு வரை இறங்கும், அது நுரையீரலின் அடி வரை போவதற்குச் சமம். அலுவலகத்தில் வைத்தால் பத்து நிமிடம் ஓட்டுவோம். கொட்டகையில் அரை நிமிடம்தான். அதற்கு மேல் ஓட்டினால் மறுநாள் தட்டில் எண்ணவே முடியாது, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும்.

தட்டுகளை 37 பாகை சூட்டில் வைத்திருந்து, எம்சி முடிந்து வேலைக்கு வந்த காலையில் மூடியைத் திறந்தேன். மேல் தட்டில் வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாகக் கசகசா தூவினாற்போல் புள்ளிகள். பெரும்பாலும் ஸ்டாஃபைலோகாக்கஸ் வகை, கோழியின் தோலிலும் மூக்கிலும் எப்போதும் இருப்பவை. கீழே இறங்க இறங்கப் புள்ளிகள் குறைந்தன, ஆனால் ஆறாவது தட்டும் வெறுமையாக இல்லை. அந்த ஆறாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அந்த இரவு நான் இழுத்த மூச்சு அது.

வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சாதாரணமாகச் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் என்ற அளவில் பாக்டீரியா இருக்கும். கோழிக் கொட்டகைக்குள் பல்லாயிரத்திலிருந்து பல லட்சம் வரை போகும், கோழி வளர்ந்து, உமி பழசாகும்போது இன்னும் ஏறும். ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் வேலை செய்கிறவர் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். கணக்குப் போட்டால் ஒரு நாள் வேலைக்குப் பத்து லட்சம்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களைத் தேட வேறு ஒரு அகர் இருக்கிறது, அவை அதில் இளஞ்சிவப்பாக வளரும். அன்று அந்தத் தட்டில் நாலைந்து புள்ளிதான். நல்லது என்று நினைத்தேன். எங்கள் மேலதிகாரி அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினார். "இந்த வகை காய்ந்த காற்றில் சீக்கிரம் செத்துவிடும். தட்டு உயிருள்ளதைத்தான் எண்ணும். செத்ததின் மேலோட்டை யார் எண்ணுவது?" என்றார். அந்த மேலோட்டில் உள்ள பொருளுக்கு எண்டோடாக்சின் என்று பெயர். பாக்டீரியா செத்த பிறகும் அது தூசியோடு தூசியாகக் கிடக்கும். மூச்சுக்குழாயை எரிச்சலாக்கி, இருமல், நெஞ்சு இறுக்கம், காய்ச்சல் எல்லாம் வரவழைக்கும். ஆகவே மருந்து அடித்துக் கிருமியைக் கொன்றுவிட்டோம் என்பதாலும் காற்று சுத்தமாகிவிடாது, தங்கச்சி. தூசியே எழும்பாமல் பார்ப்பதுதான் வழி.

மூடிய கொட்டகை கெட்டது என்று நான் சொல்லவில்லை. நன்றாக நடத்தினால் காற்று நல்லபடியாக இருக்கும், காட்டுப் பறவை உள்ளே வராது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இருபதாயிரம், முப்பதாயிரம் கோழி. சுவர் இல்லாத பழைய கொட்டகையில் காற்று தானாக வந்து தானாகப் போகும். இங்கே விசிறி எத்தனை ஓடுகிறதோ அவ்வளவுதான் காற்று. அதிலும் உங்கள் வீட்டுக்காரர் விசிறிப் பக்கம் வேலை செய்கிறாரா, அட்டைப் பக்கமா என்று கேளுங்கள். அட்டைப் பக்கம் உள்ளே வரும் காற்று புதுசு. கொட்டகை நீளம் முழுக்க எல்லாக் கோழியின் தூசியையும் வாரிக்கொண்டு அது விசிறிப் பக்கம் வந்து சேர்கிறது. கோழி பிடிக்கும் இரவில் ஆயிரக்கணக்கில் சிறகடிக்கும், அதனால் அன்றுதான் தூசி உச்சம்.

இப்போது செய்ய வேண்டியது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்து, டிபி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு ரிங்கிட் கட்டணம்தான். டாக்டர் கேட்காவிட்டாலும், "மூடிய கோழிக் கொட்டகையில் வேலை, கோழி பிடித்த மறுநாள் காய்ச்சல்" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் சோதனை, அதாவது ஸ்பைரோமெட்ரி செய்யச் சொல்லிக் கேளுங்கள். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃபுளோ மீட்டர் என்ற சின்னக் குழாய் மருந்தகத்தில் கிடைக்கும். டாக்டரின் ஆலோசனையோடு ஒரு நாளைக்கு நாலு வேளை ஊதி, வேலை நாள், லீவு நாள் இரண்டையும் நாலு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். லீவில் எண் ஏறி, வேலைக்குப் போனதும் இறங்கினால், அந்த நோட்டே டாக்டரிடம் பேசும். வேலையால் வந்த ஆஸ்துமா என்று உறுதியானால் சொக்சோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், தொழில்சார் நோயாகக் கோர வழி உண்டு. கூட வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தம்பிமார்களுக்கும் 2019-லிருந்து சொக்சோ இருக்கிறது, அவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

முகக்கவசம்: நீல நிற மூன்றடுக்குக் கவசம் போதாது, கன்னத்தோரம் காற்று புகும். என்95 வேண்டும். இரண்டு வாரும் தலைக்குப் பின்னால், மூக்குக் கம்பியை அழுத்தி, உள்ளங்கையை வைத்து ஊதிப் பார்த்து, ஓரத்தில் காற்று கசியவில்லை என்றால்தான் போட்டதாகக் கணக்கு. தாடி இருந்தால் ஒட்டாது. வியர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும். என்95 தூசியைத் தடுக்கும், அமோனியாவைத் தடுக்காது, அதற்குத் தனி வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். வேலை உடுப்போடு மோட்டாரில் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்க வேண்டாம். பண்ணையிலேயே குளித்து உடுப்பு மாற்றிவிட்டு வரட்டும். அந்த உடுப்பை உதறாமல் அப்படியே தண்ணீரில் போடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் வேல்டோர் பக்கம் இரண்டு மூடிய கொட்டகை நடத்துகிறேன். மழைக்காலத்தில் உமி நனைந்து அமோனியா, வெயிலில் புகை மாதிரி தூசி. எதைச் சரி பண்ணுவது? கோழிக்கும் கடைசி வாரத்தில் மூச்சு இரைக்கிறது. தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலக்கச் சொல்லி ஒருவர் சொன்னார். – ஒரு பண்ணை முதலாளி

பதில்: ஐயா, ஆன்டிபயாட்டிக்கைக் கையில் எடுக்கும் முன் உமியைக் கையில் எடுங்கள். சேக்கம் என்று நாம் சொல்லும் அந்த உமியை ஒரு பிடி அள்ளி இறுக்கி அமுக்கிப் பாருங்கள். கையைத் திறந்த பிறகும் கொழுக்கட்டை மாதிரி நின்றால் ஈரம் அதிகம். கொஞ்சம் ஒட்டிப் பிறகு உதிர்ந்தால் சரி, அது ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடு ஈரம். ஒட்டவே ஒட்டாமல் விரலிடுக்கில் பொடியாக ஓடினால், அதுதான் நீங்கள் சொல்லும் புகை. ஒரே இடத்தில் பார்க்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்க்கு அடியில், நடுவில், விசிறிப் பக்கம், சுவர் ஓரம் என்று தனித்தனியாக அமுக்கிப் பார்க்க வேண்டும்.

குழாய்க்கு அடியில் மட்டும் நனைந்திருந்தால் கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் முனை ஒழுகுகிறது, அல்லது உயரம் தப்பு. கோழி கழுத்தை நீட்டி மேலே பார்த்துக் குடிக்கும் உயரம் வேண்டும், அது வளர வளரக் குழாயையும் தூக்க வேண்டும். எங்கும் நனைந்திருந்தால் பெரும்பாலும் அட்டைத் தண்ணீர்தான் காரணம். நம் பினாங்கில் மழை பெய்த சாயங்காலம் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். அந்த நேரத்தில் அட்டையில் தண்ணீர் ஓட்டினால் குளிர்ச்சி சொற்பம், ஈரம் மட்டும் மிச்சம். தண்ணீரை நிறுத்துங்கள், விசிறியை நிறுத்தாதீர்கள். குஞ்சுக்குக் குளிரும் என்று இரவில் விசிறியை முழுக்க அடைப்பது நான் அதிகம் பார்த்த தவறு. சூடேற்றும் கேஸ் மிச்சமாகும், ஆனால் அந்த முதல் வாரத்து அமோனியா குஞ்சின் மூச்சுக்குழாயில் உள்ள நுண்ணிய மயிரிழைகளைச் செயலிழக்க வைக்கும். தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுவது அந்த இழைகள்தான். அவை போன பிறகு, தூசியில் சாதாரணமாக இருக்கும் ஈ.கோலையே காற்றுப் பைக்குள் இறங்கி நோயாகிறது. கடைசி வாரத்து இரைப்புக்கு விதை முதல் வாரத்தில் விழுந்திருக்கலாம்.

அளவுக்கு ஒரு கோடு வேண்டும் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கோழியின் தலை உயரத்தில் அமோனியா 20 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கை, தாண்டக் கூடாது என்கிறது. தலை உயரம் என்பதைக் கவனியுங்கள். நாம் நின்றுகொண்டு மோந்து பார்ப்பது ஐந்தடி உயரத்தில். கோழி மூச்சு விடுவது உமிக்கு அரை அடி மேலே. ஒரு தடவை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

தூசிக்கு: உலர்ந்த துடைப்பம், ஊதும் இயந்திரம் இரண்டையும் கோழி உள்ளே இருக்கும்போது தொடவே கூடாது. உமி அள்ளும் நாளில் முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்து, விசிறியை ஓட விட்டு, பிறகு அள்ளச் சொல்லுங்கள். விசிறி இறக்கையிலும் ஷட்டரிலும் அடை அடையாகத் தூசி படியும், அது படிந்தால் அதே மின்சாரத்துக்குக் காற்று குறைவாகத்தான் போகும். ஒவ்வொரு தொகுதிக் கோழியும் விற்றுப் போனதும் கழுவுங்கள்.

மூச்சு இரைக்கும் கோழியையும் புதிதாகச் செத்ததையும் புக்கிட் தெங்காவில் உள்ள கால்நடைத் துறையின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். நியூகாஸ்டல் என்ற வைரஸ் நோயா, ஈ.கோலையா, வேறா என்று அவர்கள் அறுத்துப் பார்த்துச் சொல்லட்டும். அதன் பிறகு கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மருந்து. கண்ணை மூடிக்கொண்டு கலக்கினால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாதான் மிஞ்சும், அதுவும் இதே தூசியில் ஏறி உங்கள் தொழிலாளி மூக்குக்குள் போகும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலப்பதை 2019 தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் தடை செய்ததும் இந்தப் பயத்தால்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் சின்ன இடம், பெரிய இடம் என்று பார்க்காமல் விரிவாகிவிட்டது. என்95 வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. கோழி பிடிக்க வரும் ஒப்பந்த ஆட்களுக்கும் கொடுங்கள். அவர்கள் ஒரு ராத்திரிக்கு மட்டும் வருகிறவர்கள் என்று விட்டுவிடாதீர்கள், மறுநாள் ராத்திரி அவர்கள் இன்னொரு கொட்டகையில் இதே தூசிக்குள் நிற்பார்கள்.

கேள்வி: எங்கள் தாமானிலிருந்து பார்த்தால் கொட்டகை விசிறி தெரிகிறது. சுமார் 400 மீட்டர். பிள்ளைகளுக்கு ஆபத்தா? – சிம்பாங் அம்பாட் வாசகர்

பதில்: விசிறி வாயிலிருந்து வெளியே வந்ததும் தூசி காற்றில் கரைந்து, தூரம் போகப் போக வேகமாகக் குறையும். கனமான துகள்கள் பக்கத்திலேயே விழுந்துவிடும். உள்ளே வேலை செய்கிறவர் சுவாசிப்பதோடு உங்கள் பிள்ளை சுவாசிப்பதை ஒப்பிடவே முடியாது. ஆனால் காற்று உங்கள் பக்கம் வீசும் நாளில் நாற்றமும் கொஞ்சம் தூசியும் வரலாம். வீட்டில் ஆஸ்துமாப் பிள்ளை இருந்தால் உமி அள்ளும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்து, அன்று அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். விசிறிக்கு எதிரே அடர்த்தியாக மரம் வைக்கச் சொல்லிப் பண்ணைக்காரரிடம் முதலில் நேரில் பேசுங்கள். பேச்சு எடுபடாவிட்டால் தேதி, நேரம், காற்றின் திசை மூன்றையும் எழுதிக்கொண்டு செபராங் பிறை மாநகர் மன்றத்துக்குப் போங்கள். வெறும் "நாறுது" என்று போனால் காரியம் நகராது.

கேள்வி: இவ்வளவு பாக்டீரியா என்கிறீர்களே, கோழி சாப்பிடலாமா? – பிறை வாசகி

பதில்: தாராளமாக. நன்றாக வேகட்டும், நடுக்கறி 74 பாகை தொட்டால் போதும். பச்சைக் கோழியைக் குழாய்க்கடியில் பிடித்துக் கழுவாதீர்கள், தெறிக்கும் தண்ணீரில்தான் கிருமி சிங்க் முழுக்கப் பரவுகிறது.

கேள்வி: அக்கா, வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு கம்பத்துக் கோழி வளர்க்கிறேன். பாட்டிக்கு ஆஸ்துமா. கூண்டு பாட்டி அறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. – பத்தொன்பது வயதுத் தம்பி, புக்கிட் மெர்தாஜம்

பதில்: தம்பி, கோழியை விற்க வேண்டாம், கூண்டை நகர்த்து. வேலியோரம், நாலு பக்கமும் காற்றோட்டமாக, கூரை மட்டும் வைத்து. எச்சத்தைக் காய விடாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை லேசாக நனைத்து அள்ளு, முகக்கவசம் போட்டுக்கொள். பாட்டி தீவனம் போட ஆசைப்பட்டால் வெளியே புல்தரையில் தூவட்டும், கூண்டுக்குள் தலையை விட வேண்டாம். நகர்த்திய பிறகு பாட்டிக்கு இரவு மூச்சு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.